என் முகச் சிவப்பும் உங்கள் வீட்டுப் பம்ப்ளிமாஸும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் வீட்டில் அனைவரும் நலமாகவும், பெயிண்ட் கடையில் வியாபாரம் குறைவில்லாமலும், கொல்லைப்புறத்துப் பம்ப்ளிமாஸ் மரம் மட்டும் இந்த வருடம் சற்றுக் குறைவாகக் காய்த்தும் இருக்க வேண்டுமென்று மனதார விரும்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் நலம். இன்று காலை கண்ணாடியில் பார்த்த வரையில் என் முகமும் நலம். வழக்கமான மாநிறத்தில்தான் இருக்கிறது.

‘சம்பந்தி’ என்று போட்டதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். “இன்னும் எதுவும் முடிவாகலை, அதுக்குள்ள என்ன சம்பந்தி?” என்று என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று கேட்டாள். ‘ஐயா’ என்று எழுதிப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனுக் கொடுப்பது போலிருந்தது. ‘நண்பரே’ என்றால் ஏதோ கைமாற்றுக் கேட்கப் போகிறேன் என்று நினைத்துவிடுவீர்கள். ஆகவே சம்பந்தி என்றே எழுதியிருக்கிறேன். பிடிக்காவிட்டால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது நாளாக உங்களிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை. உங்கள் பிள்ளையும் என் பெண்ணும் நாலு வருடமாக ஒருவருக்கொருவர் மனசுக்குப் பிடித்துப்போய், பெரியவர்கள் பேசி நல்லபடியாக முடிக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருக்கிற பிள்ளைகள். என் பெண் சாப்பிடும்போது போனைக் கவிழ்த்து வைத்துக்கொள்கிறாள், இரண்டு வாய்க்கு ஒருமுறை நிமிர்த்திப் பார்க்கிறாள், மறுபடி கவிழ்க்கிறாள். இந்தக் கல்யாணம் என் மூஞ்சியால் நின்றுபோனது என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். உங்கள் வீட்டுக்கு நான் வந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் என் முகம் சிவந்தது உண்மை. அது கோபத்தால் சிவக்கவில்லை. காரணம் என் பிரஷர் மாத்திரையும் உங்கள் வீட்டுப் பழமும். அவ்வளவுதான். எப்படி என்று விளக்குகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கும். நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் பதினொரு மணி ஆகிவிட்டது. பதினொரு மணிக்கு மாத்திரை போடுவது என் வழக்கம். முப்பத்தோரு வருடம் தெருச் சிக்னல் விளக்குகளைப் பழுதுபார்த்த உடம்பு, மணி தவறினால் அதற்கே பொறுக்காது. கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். நீங்கள், “தண்ணி எதுக்குங்க? நம்ம மரத்து ஜூஸ் இருக்கு!” என்று இவ்வளவு பெரிய டம்ளரில் பம்ப்ளிமாஸ் சாற்றைக் கொண்டுவந்து நீட்டினீர்கள். மாத்திரை அதிலேயே உள்ளே போனது. ஒரு மணி வாக்கில் சாப்பிட உட்கார்ந்தோம். முதலில் காது சுட்டது. அப்புறம் கழுத்து. அப்புறம் யாரோ வெந்நீர்த் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்ட மாதிரி குப்பென்று சூடு ஏறியது. சரியாக அந்த நேரம் பார்த்து நீங்கள், “இந்த ஊர்ல பாதிச் சுவர் நம்ம கடை பெயிண்ட்தாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். “பாதின்னா பாதி இல்லை... கால்வாசி இருக்கும்” என்றீர்கள். முகம் மாறவில்லை. “ஒரு நாலஞ்சு தெருன்னு வச்சுக்கங்களேன்” என்றீர்கள். அப்புறமும் மாறவில்லை. கடைசியில், “என்னமோ கடவுள் புண்ணியத்துல வண்டி ஓடுது” என்று முடித்துக்கொண்டீர்கள். நான் உங்களைப் பெருமைக்காரர் என்று நினைத்துவிட்டேனோ என்று பயந்து, சமாதானமாக இருக்கட்டுமென்று, இன்னொரு டம்ளர் ஊற்றினீர்கள். வேண்டாமென்றால் தப்பாக எடுத்துக்கொள்வீர்களே என்று அதையும் குடித்தேன். என் முகத்தைக் குளிர வைப்பதாக நினைத்து நீங்கள் ஊற்ற ஊற்ற, உங்கள் மனசு கோணக் கூடாதென்று நான் குடிக்கக் குடிக்க, மரியாதை தெரிந்த இரண்டு குடும்பம் எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன ஆகுமோ அது ஆனது.

இரண்டாவது ஞாயிறு இன்னும் மோசம். அன்றைக்குக் கல்யாணத்துக்கு எத்தனை பேரை அழைப்பது என்று பேச்சு. நீங்கள் ஐந்நூறு என்று ஆரம்பித்தீர்கள். எனக்கு ஐந்நூறும் சம்மதம், ஆயிரமும் சம்மதம். ஆனால் அப்போது காது சுட ஆரம்பித்துவிட்டது. என்னைப் பார்த்துவிட்டு முந்நூறு என்றீர்கள். உங்கள் வீட்டம்மா உங்கள் கையைச் சுரண்டியதும் நூற்றைம்பது. நான், “எத்தனை பேர்னாலும் எனக்கு சந்தோஷம்தாங்க” என்று சிரித்தேன். சிவந்த முகத்தோடு சிரித்தால் அது வேறு மாதிரி தெரியும் போலிருக்கிறது, உடனே எழுபது ஆக்கிவிட்டீர்கள். நாங்கள் எழுந்திருக்கும்போது பட்டியல் நாற்பதுக்கு வந்து, உங்கள் கூடப்பிறந்த தம்பியே அதில் இல்லை. இன்றைக்குச் சொல்கிறேன், அவரைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். அவர் என்ன பாவம் செய்தார்?

அன்று வாசற்படி இறங்கும்போது தலை கிறுகிறுவென்று வந்து நான் தடுமாறியதும், உங்கள் பிள்ளை ஓடிவந்து தாங்கிப் பிடித்ததும் உங்களுக்குத் தெரியும். தங்கமான பையன். பிடித்த கையோடு என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தான். நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பான். அவன் மேல் தப்பில்லை. முகம் சிவந்து கால் தள்ளாடுகிற ஆளிடம் யாரும் முதலில் அந்தச் சந்தேகம்தான் படுவார்கள். அவனிடம் சொல்லுங்கள், என் வாயில் அன்று பம்ப்ளிமாஸ் வாசனையைத் தவிர வேறு எதுவும் இருந்திருக்காது.

போதாததற்கு நீங்கள் ஒரு சாக்கு நிறையப் பழம் கட்டிக் கொடுத்துவிட்டீர்கள். பழத்தை வீணாக்கக் கூடாது என்பது என் கொள்கை. என் மனைவிக்குப் புளிப்பு ஆகாது, என் பெண் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் காலை வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள், ஆக மொத்தச் சாக்கும் என் பொறுப்பில் வந்தது. திங்கட்கிழமை சிவப்பு. செவ்வாய்க்கிழமை சிவப்பு. கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் மாலை வரைக்கும் போகவில்லை. கீழ்வீட்டுத் தையற்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, “என்ன சார், வீட்ல ஏதாவது பிரச்சனையா?” என்று தணிந்த குரலில் கேட்பார். இல்லை என்றால் நம்பமாட்டார். “எல்லா வீட்லயும் இருக்கறதுதான் சார்” என்பார். என் பெண்ணுக்கோ கிண்டல். நான் அறைக்குள் நுழைந்தால், “அம்மா, சிவப்பு விழுந்துருச்சு, அப்படியே நில்லு” என்பாள்.

சிக்னல் வேலையில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. பழுது எங்கே என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு கம்பியாகக் கழற்றிப் பார்க்க வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டைத் தொடக் கூடாது. அதே முறையை என் உடம்பிலும் ஆரம்பித்தேன். முதலில் சோப்பை நிறுத்தினேன். அப்புறம் முகப் பவுடர். அப்புறம் நீலச் சட்டை. அப்புறம் மூக்குக் கண்ணாடியின் பிளாஸ்டிக் காது. அது இல்லாமல் ஒரு நாள் இருந்ததில் பல் விளக்க வேண்டிய பேஸ்ட்டுக்குப் பதிலாகத் தோலுக்கு வாங்கிய களிம்பை எடுத்துவிட்டேன். அதை விரிக்க வேண்டாம். இப்போது ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் சோபா மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. இரண்டாவது ஞாயிறு நீங்கள் பட்டியலில் தம்பியை அடித்துக்கொண்டிருந்தபோது சோபா உறையின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலையிலிருந்து மாலை வரை அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணிக்கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சோபா நிரபராதி. உங்கள் பூனையையும் சந்தேகப்பட்டேன், அதனிடமும் மன்னிப்பு.

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படித்திருந்தால் அங்கேயே விடை இருந்திருக்கும் என்று இப்போது சொல்கிறார்கள். அந்தத் தாளைத் தொட எனக்கு வீட்டில் தடை. ஒரு தடவை இருமல் மருந்துத் தாளை முழுக்கப் படித்துவிட்டேன். பாலூட்டும் தாய்மார்கள் கவனிக்க வேண்டியதைத் தவிர மற்ற எல்லாம் இரண்டே மணி நேரத்தில் எனக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த மருந்து வாங்கினாலும் என் மனைவி முதல் காரியமாகத் தாளை உருவிக் கிழித்துப் போட்டுவிடுவாள்.

இப்போது மூன்றாவது ஞாயிறு, அதாவது அதற்கு இரண்டு வாரம் கழித்து நாம் கடைசியாகச் சந்தித்த நாள். வழக்கம்போலப் பதினொரு மணிக்கு மாத்திரை, வழக்கம்போலச் சாறு. சாப்பாடு முடிந்து எல்லோரும் நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். உங்கள் பிள்ளை கலர் அட்டையை விரித்து, கல்யாணத்துக்கு வீட்டுக்கு எந்த நிறம் அடிக்கலாம் என்று என் பெண்ணிடம் காட்டிக்கொண்டிருந்தான். நீங்கள் சாய்ந்து உட்கார்ந்து, “கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு எதுக்குங்க அந்த மருந்துக் கவுண்டர்ல கால் கடுக்க நிக்கணும்? வேலையை விட்டுட்டு நம்ம கடையிலயே உட்காரட்டும். ஏசி இருக்கு, ஃபேன் இருக்கு” என்றீர்கள். அப்போதுதான் எனக்கு முகம் சிவந்தது. காதுகூட முதலில் சுடவில்லை, நேராக முகம். உங்கள் பிள்ளை கையிலிருந்த அட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். செங்கல் நிற வரிசையின் கடைசிக் கட்டத்தில் அவன் விரல் நின்றதை நான் கவனித்தேன். என் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். உங்கள் வீட்டம்மா அவசரமாக டம்ளரோடு வந்தார்கள். நான், “நேரமாச்சு, கிளம்பறோம்” என்று எழுந்து, குடையைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

நீங்கள் சொன்னதற்கும் என் முகம் சிவந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன். நல்ல மனசோடு சொன்னீர்கள். ஏசி நல்லது. கால் கடுப்பது கெட்டது. இதில் எனக்கு என்ன வருத்தம் இருக்க முடியும்? அவள் ஐந்து வருடம் படித்தாள், அதனால் என்ன? பரீட்சைக்கு முந்தின வாரம் மருந்துப் பெயரெல்லாம் எழுதிச் சமையலறைக் கதவு, குளியலறைக் கதவு, பீரோ எல்லாவற்றிலும் ஒட்டி வைத்து நாங்கள் பீரோவைத் திறக்க முடியாமல் இருந்தோம், அதனால்தான் என்ன? பெயிண்ட் கடையிலும் டப்பா மேல் பெயர் எழுதித்தான் இருக்கிறது. எனக்கு மனத்தாங்கல் எதுவும் கிடையாது. அப்படியே ஒரு கடுகளவு இருந்தாலும் அது முகம் வரைக்கும் ஏறி வருகிற அளவு கிடையாது.

சரி, உண்மையான காரணத்துக்கு வருகிறேன். நேற்று மாலை நான் தோல் டாக்டரிடம் போகப் போகிறேன் என்று அறிவித்தேன். என் பெண் வேலையிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. “அப்பா, உங்க தோல்ல ஒண்ணுமே இல்லை, உட்காருங்க” என்றாள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நாம் மாத்திரையை விழுங்கினால் அது அப்படியே ரத்தத்துக்குப் போய்விடாதாம். குடல் சுவரிலேயே ஒரு காவல்காரன் இருக்கிறானாம். நொதி என்று அவனுக்குப் பெயர். வருகிற மாத்திரையில் பெரும்பகுதியைப் பிடித்து உடைத்துப் போட்டுவிட்டுக் கொஞ்சத்தைத்தான் உள்ளே விடுவானாம். டாக்டர்கள் அவன் உடைக்கிறதையும் கணக்கில் வைத்துத்தான் இவ்வளவு போடு என்று எழுதுகிறார்களாம். பம்ப்ளிமாஸ் மாதிரிச் சில பழங்களில் உள்ள ஒரு சரக்கு அந்தக் காவல்காரனையே முடக்கிப் போட்டுவிடும். ஒரு டம்ளர் குடித்தால் போதும், ஒரு நாளுக்கு மேல் அவன் எழுந்திருக்கமாட்டான். அப்புறம் மாத்திரை முழுசாக உள்ளே போகிறது. என் மாத்திரை ரத்தக் குழாயை விரித்துவிடுகிற வகை. ஒன்று போட்ட எனக்கு இரண்டு மூன்று போட்ட பலன். குழாயெல்லாம் விரிந்து முகம் சிவக்கிறது, கணுக்கால் வீங்குகிறது, பிரஷர் தடாலென்று இறங்கித் தலை சுற்றுகிறது. “அன்னிக்குப் படியில விழுந்து மண்டை உடைஞ்சிருந்தா என்னப்பா பண்றது?” என்று கேட்டபோது அவள் குரல் கிண்டலாக இல்லை.

“அப்போ முதல் டம்ளரே போதுமா?” என்றேன்.

“போதும். மீதியெல்லாம் அவங்க உபசாரம்” என்றாள். “ஆனா அப்பா, இன்னும் முடிக்கலை, மிச்சத்தையும் கேளுங்க” என்றாள். எனக்குக் கேட்கப் பொறுமை எங்கே இருக்கிறது? ஒன்பது நாள் பாரம் இறங்கியிருக்கிறது! “புரிஞ்சிருச்சும்மா, போதும்” என்று எழுந்துபோய்ப் பேனாவைத் தேடினேன். இன்று காலை உட்கார்ந்து இதை எழுதி முடிக்கிறேன்.

ஆகவே சம்பந்தி அவர்களே, என் முகத்தை வைத்து நீங்கள் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். நீங்கள் ஊரில் பாதிச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவர்தான், அதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஐந்நூறு பேரையும் கூப்பிடுங்கள். நான் உங்கள் மேல் ஒருபோதும் கோபப்பட்டதில்லை. பழத்தின் மேலும் கோபமில்லை, அது மரத்தில் சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல நாளாகப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். உங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் வணக்கம். உங்கள் பிள்ளைக்கு எங்கள் மனம் நிறைந்த ஆசிகள், நீண்ட ஆயுளும் நல்ல மூக்கும் அவனுக்கு என்றும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் என்றும் கோபமே இல்லாத,
பெண்ணின் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் என் பெண் கடிதத்தை வாங்கிப் படித்தாள். சோபா நூல் வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்றாவது ஞாயிறு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். “அப்பா, இதைத்தான் நேத்து சொல்ல வந்தேன். அன்னிக்கு உங்க மாத்திரையே வேற” என்றாள்.

இரண்டாவது ஞாயிறு நான் தடுமாறியதுமே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். அந்த வாரமே என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவளும் டாக்டரும் பழம், மாத்திரை என்று ஏதோ பேசினார்கள், நான் காதில் வாங்கவில்லை. டாக்டர் என்னிடமும், “மாத்திரையை மாத்தியிருக்கேன்” என்று சொன்னார்தான். கம்பெனியை மாற்றியிருக்கிறார், அட்டைதான் வேறு என்று நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அது வகையே வேறாம். பம்ப்ளிமாஸ் அதை ஒன்றும் செய்யாதாம். மூன்றாவது ஞாயிறுக்குப் பத்து நாள் முன்பிருந்தே நான் அந்தப் புது மாத்திரைதான் போடுகிறேன்.

“அப்போ அன்னிக்கு ஏன்மா சிவந்தது?” என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள், கண் கலங்கியிருந்தது. உள்ளிருந்து என் மனைவி, “இதுகூடவா தெரியலை? கோபம் வந்தா மனுஷனுக்கு மூஞ்சி சிவக்கும்! நீங்க அன்னிக்கு பஸ்ல வர்ற வழியெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் வந்தீங்க” என்றாள்.

ஆமாம் சம்பந்தி, அது கோபம்தான். அசல் கோபம். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் இன்னும் மரியாதையாக இன்னொரு பொய் எழுதுவேன், எனக்கு என்னைத் தெரியும். அதனால் இதையே அனுப்புகிறேன். நீங்கள் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் கால் கடுக்க நிற்கிறாள் என்றால், ஒவ்வொரு சீட்டையும் இரண்டு தடவை படித்து, இதோடு அது சேருமா, இந்த வயதுக்கு இவ்வளவு ஆகுமா என்று பார்த்துக் கொடுப்பதற்காக நிற்கிறாள். படிக்காமல் விழுங்குகிற என்னைப் போன்ற ஆட்கள் படியில் விழாமல் வீடு போய்ச் சேர வேண்டுமே என்று நிற்கிறாள். நான் இரண்டு வாரம் சோப்பையும் சோபாவையும் துருவிக்கொண்டிருந்தேன், அவள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தாள். அந்த வேலையை அவள் விடமாட்டாள். நேற்றுவரை அவளே இதைச் சொல்லவில்லை. இன்று சொல்லிவிட்டாள்: “எனக்கு அவரையும் பிடிச்சிருக்கு, வேலையையும் பிடிச்சிருக்குப்பா. ரெண்டுல ஒண்ணை விடுன்னு சொல்ற வீட்டுக்கு நான் போகலை.”

வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நாங்கள் மூவரும் வருகிறோம். உங்களுக்குச் சம்மதம் என்றால் கதவைத் திறந்து வையுங்கள், நல்ல நாளை அன்றே குறித்துவிடலாம். சம்மதம் இல்லை என்றாலும் திறந்து வையுங்கள், பேசித் தீர்த்துக்கொள்வோம். ஜூஸ் எத்தனை டம்ளர் வேண்டுமானாலும் ஊற்றுங்கள், பயமில்லாமல் குடிக்கிறேன். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். இனிமேல் என் முகம் சிவந்தால் அதற்கு மாத்திரை காரணமில்லை, உங்கள் மரமும் காரணமில்லை. சிவப்பது நான்தான்.